டர்பன் கரைநீரில் மிதவைத் தாவரங்களைக் கணக்கெடுக்க எந்த வழி?

டர்பனில் கடலை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த சிலர் கூடி, எங்கள் கரைநீரில் வாழும் தாவர மிதவையுயிரிகளை, அதாவது நீரில் மிதந்து வாழும் நுண்ணிய பாசிகளை, ஓராண்டுக்குக் கவனித்துப் பதிவு செய்வது என்று முடிவு செய்தோம். குழுவில் பள்ளி ஆசிரியர்கள் இருவர், மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர், சனிக்கிழமை விடிவதற்குள் தூண்டிலோடு அலைத்தடுப்புச் சுவரில் நின்றுவிடும் மாமாக்கள் மூவர் இருக்கிறோம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பலுக்குப் பின் இங்கே இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர்களில் சிலர் டர்பன் குடாவின் சாலிஸ்பரித் தீவில் தங்கிக் கரைவலை இழுத்தவர்கள் என்பதால், கடலின் நிறம் மாறினால் மீனின் போக்கும் மாறும் என்பது இந்த ஊருக்குப் புதிய செய்தி அன்று. நிறத்தை மாற்றுவது எது, எவ்வளவு, எப்போது என்பதை எண்ணிச் சொல்லும் வழியைத் தேர்வதுதான் எங்களுக்குக் கடினமாயிற்று. கையிலிருந்த பணம் ஒரு வழிக்கே போதும். ஆகவே வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம். அந்த ஒப்பீட்டை, இதே முடிவை எடுக்க நினைக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கருவிகளைப் பார்ப்பதற்கு முன் கேள்வியைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. கரைநீரில் ‘எவ்வளவு பாசி இருக்கிறது’ என்று கேட்பதும், ‘எந்தெந்தப் பாசி இருக்கிறது’ என்று கேட்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே கருவி விடை சொல்லாது. இதற்குத் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையே நல்ல சான்று. 1997இல் எலண்ட்ஸ் பே கரையில் சுமார் 2,000 டன் பாறை இறால்கள் உயிரோடு வெளியேறி மணலில் மடிந்தன. அவற்றை எந்த நஞ்சும் கொல்லவில்லை. அளவுக்கு மீறிப் பெருகிய டைனோஃபிளாஜெல்லேட் (சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்) கூட்டம் இறந்து அழுகியபோது அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் இறால்கள் மூச்சுக்காகக் கரைக்கு ஓடின. அங்கே ‘எவ்வளவு’ என்பதுதான் கேள்வி. அதே மேற்குக் கரையில் அலெக்சாண்ட்ரியம் காட்டெனெல்லா என்னும் இனம் லிட்டருக்குச் சில ஆயிரம் செல்கள் மட்டுமே இருந்தாலும் சிப்பிகளில் சாக்சிடாக்சின் என்னும் நரம்பு நஞ்சு சேரத் தொடங்கிவிடும். அப்போது கடல் சிவப்பதில்லை, நீரின் பச்சைய அளவிலும் கண்டுகொள்ளத்தக்க மாற்றம் தெரிவதில்லை. அங்கே ‘எது’ என்பதுதான் கேள்வி.

எங்கள் கிழக்குக் கரை மேற்குக் கரையைப் போன்றதன்று. மேற்கே தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, குளிர்ந்த, சத்து மிகுந்த அடிநீர் மேலெழுகிறது. அதன் பயனாகச் செயின்ட் ஹெலினா குடா போன்ற இடங்களில் கீட்டோசெரஸ், ஸ்கெலடோனீமா முதலிய டயட்டம்கள் (கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள்) கஞ்சிபோல் அடர்ந்துவிடும். இங்கோ வெதுவெதுப்பான ஆகுலாஸ் நீரோட்டம் நொடிக்கு ஏறத்தாழ 7 கோடி கன மீட்டர் நீரைச் சுமந்து கரைக்கு மிக அருகில் தென்மேற்காகப் பாய்கிறது. அந்த நீர் தெளிந்தது, சத்துக் குறைந்தது. செயின்ட் லூசியா முனைக்கும் டர்பனுக்கும் இடையே மட்டும் கண்டத்திட்டு அகன்று, துகேலா ஆற்று முகத்துக்கு எதிரே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வரை விரிகிறது. அந்த நேட்டால் வளைகுடாப் பகுதியின் வடமுனையில் சிறிய அளவில் அடிநீர் மேலெழுகிறது, நடுவில் துகேலா வண்டலும் சத்தும் கொட்டுகிறது, டர்பனுக்கு எதிரே நீரோட்டத்தின் ஓரத்தில் ஒரு சுழல் அடிக்கடி உருவாகிக் குளிர்நீரைக் கிளறிவிடுகிறது. ஆகவே ஒரே நாளில் தெளிந்த நீலநீரும், ஆற்றுச் சேறும், சுழல் கொணர்ந்த புதுநீரும் சில கிலோமீட்டர்களுக்குள் அடுத்தடுத்து இருக்கும். இந்த ஒழுங்கின்மைதான் எங்கள் முடிவைப் பெருமளவு தீர்மானித்தது.

முதலில் எல்லோரையும் கவர்ந்தது செயற்கைக்கோள்தான். காசு வேண்டாம், கால் நனையாது, மாணவர்கள் திரையிலேயே பார்த்துவிடலாம். ஐரோப்பியரின் சென்டினல்-3 வரிசையில் 2016இலும் 2018இலும் ஏவப்பட்ட இரு கோள்கள் 300 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகக் கடலின் நிறத்தைப் பதிவு செய்கின்றன; 2024 பிப்ரவரியில் நாசா ஏவிய பேஸ் கோள் ஒளியை மிக நுணுக்கமான அலைவரிசைகளாகப் பிரித்து, எந்த வகைப் பாசி என்பதையும் ஓரளவு ஊகிக்க முயல்கிறது. ஆனால் இவற்றின் அடிப்படைக் கணக்கு எளியது: பச்சையம் நீல ஒளியை உறிஞ்சும், ஆகவே நீலம் குறைந்து பச்சை மிகுந்தால் பாசி மிகுதி என்று கொள்வது. தெளிந்த நடுக்கடலில் இது நன்றாகவே பொருந்துகிறது. ஆற்றுநீரில் கரைந்துள்ள மக்கிய தழைச்சாறும் அதே நீல ஒளியைத்தான் உறிஞ்சுகிறது என்பதும், வண்டல் எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புகிறது என்பதும் எங்கள் கரையில்தான் சிக்கலாகின்றன. கோடை மழைக்குப் பின் துகேலா, உம்கேனி முகங்களில் திரை முழுதும் செக்கச்செவேலென்று பாசிப் பெருக்கம் காட்டும் படத்தை நம்பிப் படகெடுத்துப் போனால், வாளியில் வருவது சேற்றுநீராக இருக்கலாம். போதாததற்கு அந்த மழைமாதங்களில்தான் மேகம் மூடியிருக்கும்; கரையை ஒட்டிய முதல் ஓரிரு கட்டங்களில் நிலத்தின் ஒளி கலந்து கணக்கைக் கெடுக்கும்; டர்பன் குடாவுக்குள் தேறும் கட்டங்களோ மிகச் சில. மேற்குக் கரையில் இருக்கும் ஒருவர் எங்களிடம் கேட்டால் செயற்கைக்கோளையே முதலில் சொல்வேன், ஏனெனில் அங்கே பெருக்கங்கள் அடர்த்தியானவை, பரந்தவை. நாட்டின் கடல்சார் தகவல் அமைப்பும் அப்படங்களைச் சிப்பிப் பண்ணையாளருக்கும் மீனவருக்கும் பயன்படும் வகையில் தருகிறது. டர்பனில் அது துணைச்சாட்சியாக மட்டுமே நிற்கும்.

அடுத்தது வலை. 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கண்ணுள்ள கூம்பு வலையைப் படகின் பின்னால் ஐந்து நிமிடம் இழுத்தால் அதன் முனைக் குப்பியில் பழுப்பு நிறக் கூழாக உயிர்கள் சேரும். சாதாரண நுண்ணோக்கியில் வைத்ததும் கோசினோடிஸ்கஸின் வட்டத் தட்டுகளும், ரைசோசொலீனியாவின் நீண்ட ஊசிகளும், கொம்பு முளைத்த டைனோஃபிளாஜெல்லேட்டுகளும் வாய்பிளக்க வைக்கும். பள்ளிக்கூடத்துக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஒரு மாணவி முதன்முதலாக நாக்டிலூகா என்னும் ஒற்றைச் செல் உயிரைப் பார்த்து, ‘இது உயிரா, எண்ணெய்த் துளியா?’ என்று கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. மன்னார் வளைகுடா மீனவர்கள் ‘பூங்கோரை’ என்று சொல்லும் பச்சைப் பெருக்கமும், இங்கே தென்னாப்பிரிக்கக் கரைகளில் தக்காளிச் சாறு போலச் சிவந்து, இரவில் அலைதோறும் நீலமாக ஒளிரும் பெருக்கமும் ஒரே நாக்டிலூகா சிண்டிலான்ஸ் இனத்தின் வேலைதான். அங்குள்ளதன் உடலுக்குள் பச்சைப் பாசியொன்று குடியிருக்கிறது, இங்குள்ளதில் அக்குடித்தனம் இல்லை. இவ்வளவு கற்றுத் தரும் வலையை நாங்கள் முதன்மை வழியாகக் கொள்ளாததற்குக் காரணம், அது எண்ண உதவாது என்பதே. எத்தனை லிட்டர் நீர் அதனுள் புகுந்தது என்பது கண் அடைபட அடைபட மாறிக்கொண்டே போகும். 20 மைக்ரானுக்குச் சிறியவை பெரும்பாலும் நழுவிவிடும். ஆகுலாஸ் நீரிலோ சிறியவையே பெருங்கூட்டம். 1988இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட புரோகுளோரோகாக்கஸ் என்னும் பச்சையமுள்ள பாக்டீரியாவின் குறுக்களவு ஏறத்தாழ 0.6 மைக்ரான்தான், அதற்கு இந்த வலை, கொசுவைப் பிடிக்கக் கட்டிய கம்பி வேலி போன்றது.

ஆகவே வலை இழுக்காமல், குப்பியில் முகந்த நீரை அப்படியே வைத்து எண்ணுவதை எடுத்துக்கொண்டோம். ஜெர்மானிய ஆய்வாளர் உட்டர்மோல் பெயரால் வழங்கும் முறை இதற்கு அடித்தளம்: நீரில் லுகால் அயோடின் கரைசலைச் சில துளிகள் சேர்த்தால் செல்கள் இறந்து, பழுப்பேறி, கனத்து, அடியில் படியும், 50 மில்லிலிட்டரை ஓர் உருளைக் கலத்தில் ஊற்றி ஒரு நாள் அசையாமல் வைத்து, கண்ணாடி அடித்தளத்தின் கீழிருந்து நோக்கும் தலைகீழ் நுண்ணோக்கியால் எண்ண வேண்டும். அயோடின் எவ்வளவு என்பதற்கு எல்லாக் கையேடுகளும் ‘மெல்லிய தேநீர் நிறம் வரும்வரை’ என்கின்றன. எங்கள் வீடுகளில் தேநீரை எந்தக் கருமையில் குடிப்பார்கள் என்பதை நினைத்து, முதல் நாளே ஒரு மாதிரிக் குப்பியை ஒளிபடாத அலமாரியில் வைத்து அந்த நிறத்துக்கே எல்லோரும் ஒத்துப்பார்க்க வேண்டும் என்று விதித்தோம்.

தலைகீழ் நுண்ணோக்கி எங்கள் பணத்துக்கு எட்டவில்லை. இங்கேதான் ஒப்பீடு உண்மையில் நுணுக்கமாயிற்று, ஏனெனில் பலர் இந்த இடத்தில் மனம் தளர்ந்து வலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் ஆய்வுக்கூட மாமா பழைய வழி ஒன்றைச் சொன்னார்: அயோடின் சேர்த்த ஒரு லிட்டர் நீரை உயரமான அளவு உருளையில் சில நாட்கள் படியவிட்டு, மேல்நீரை மெல்லிய குழாயால் அடி கலங்காமல் உறிஞ்சி எடுத்து, மிஞ்சியதை 20 மில்லிலிட்டராக்க வேண்டும். அப்போது செல்கள் 50 மடங்கு செறிந்துவிடும். அதிலிருந்து சரியாக ஒரு மில்லிலிட்டர் கொள்ளும் செட்ஜ்விக்-ராஃப்டர் கட்டத்தட்டில் நிரப்பினால், பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே போதும். கணக்கும் ஒளிவின்றி இருக்கிறது. தட்டில் ஓர் இனத்தின் 400 செல்களை எண்ணினால் பிழை ஏறக்குறைய 10 விழுக்காடு. 100 செல்களை எண்ணினால் 20. லிட்டருக்கு ஆயிரம் செல்களே உள்ள இனம் தட்டில் 50 மட்டுமே தென்படும், பிழை 28 விழுக்காட்டுக்குப் போகும். அது பெரிய பிழைதான். ஆனால் இல்லாத ஒன்று லிட்டருக்கு ஆயிரமாகத் தோன்றிவிட்டது என்பதை அறிய அந்தத் துல்லியம் போதும்.

இம்முறையின் குருட்டிடங்களையும் மறைக்கக் கூடாது. கட்டத்தட்டின் ஆழத்தால் உயர்ந்த உருப்பெருக்கத்தில் பார்க்க இயலாது. பத்து மைக்ரானுக்குக் கீழே உள்ளவற்றை ‘சிறு உருண்டைகள்’ என்று எழுதுவதோடு நின்றுவிட வேண்டியிருக்கும். புளிப்புள்ள அயோடின் கரைசல் சுண்ணாம்புத் தகடு போர்த்த காக்கோலித்தோஃபோர்களின் போர்வையைக் கரைத்துவிடும். பழுப்பேறிய செல்லில் பச்சையத்தின் இயல்பான ஒளிர்வும் மறைந்துபோவதால், உள்ளே பச்சையம் இருந்ததா, பிற செல்களைத் தின்று வாழ்ந்ததா என்று பிரித்தறிவது கடினம். சூடோ-நிட்சியா போன்ற டயட்டம்களில் நஞ்சுள்ள இனம் எது, இல்லாதது எது என்பதை ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நல்லதானாலும் உறுதியாகச் சொல்லாது; அதற்கு மின்னணு நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும்.

அந்தச் சிறு உருண்டைகளுக்காகத்தான் பச்சைய அளவீட்டையும் பார்த்தோம். 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் நீரை வடித்து, 90 விழுக்காடு அசிட்டோனில் ஊறவைத்து, ஒளிர்வுமானியில் அளப்பது வழக்கமான முறை. தனியாகப் பார்த்தால் இது எங்கள் கேள்விக்கு அரைவிடைதான். ஒரே செல் நிழலில் வாழும்போது பச்சையத்தைக் கூட்டியும் வெயிலில் குறைத்தும் வைத்துக்கொள்வதால், அதை உயிர்ப்பொருளின் எடையாக மாற்றும் விகிதமே பல மடங்கு மாறும். ஆனால் அதே நீரில் ஒரு பகுதியை 20 மைக்ரான் வலைத்துணியில் வடித்தபின் மீண்டும் அளந்தால், மொத்தப் பச்சையத்தில் சிறியவற்றின் பங்கு எவ்வளவு என்பது கிடைத்துவிடுகிறது. கட்டத்தட்டில் டயட்டம்கள் குறைந்த வாரத்தில் சிறியவற்றின் பங்கு கூடியிருந்தால், ஆகுலாஸ் நீர் கரையை நெருங்கியிருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு. கருவியைச் சொந்தமாக வாங்காமல் வடிதாள்களை மட்டும் நாங்களே தயாரித்து உறைநிலையில் வைத்து, அளவிட மட்டும் ஆய்வகம் ஒன்றின் உதவியைக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிறமிகளைப் பிரித்தறியும் உயரழுத்தத் திரவ நிறப்பிரிகை முறை ஃபியூக்கோசாந்தினைக் கொண்டு டயட்டத்தையும், பெரிடினினைக் கொண்டு டைனோஃபிளாஜெல்லேட்டையும், சியாசாந்தினைக் கொண்டு சயனோபாக்டீரியாவையும் குழுவாரியாகச் சொல்லும். இனத்தைச் சொல்லாது, மாதிரியைத் திரவ நைட்ரஜனில் காக்க வேண்டும். மரபணு வரிசைமுறை இனப்பட்டியலை வியக்கும்படி நீட்டித் தரும். ஆனால் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் ஒரே மரபணுவின் படிகளை ஏராளமாகச் சுமப்பதால், அவற்றின் பங்கு மிகையாகத் தோன்றும். செல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒளிக்கற்றையின் முன் ஓடவிட்டு எண்ணும் பாய்வுச் செல்மானி புரோகுளோரோகாக்கஸை ஒரு நொடியில் நூற்றுக்கணக்கில் எண்ணிவிடும். எங்களைப் போன்றோர் அதை விலைகேட்பதே வீண். இம்மூன்றுக்கும் ஆண்டுக்கு ஓரிரு மாதிரிகள் அனுப்பலாம், வாரந்தோறும் முடியாது. வாரந்தோறும் மாறும் நீரில் ஆண்டுக்கு இருமுறை கிடைக்கும் மிகத் துல்லியமான விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இடத்தேர்விலும் கருத்து வேறுபாடு இருந்தது. மூன்று ஆறுகள் வந்து கலக்கும் டர்பன் குடாவைச் சிலர் விரும்பினர். படகு வேண்டாம், அலை இல்லை, சத்து மிகுதி, ஆகவே செல்களும் மிகுதி. ஆனால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் உலகின் பல கடல்களிலிருந்து, கப்பல் நிலைதடுமாறாதிருக்க அடியில் ஏற்றும் சமநிலை நீரைச் சுமந்து வருபவை. அங்கே காண்பதைக் கரையோரச் சமூகம் என்று எழுதினால் படிப்பவர் ஏமாறுவார். 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி வெள்ளம் நகரைக் குலைத்தபோது கழிவுநீர் அமைப்புகள் சேதமுற்று, கடற்கரைகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. அத்தகைய பாதிப்பைப் பின்தொடர ஆற்றுமுகமே ஏற்றது என்பது இன்னொரு தரப்பு. எனக்கு அந்த வாதத்தில் உண்மை இருப்பதாகவே பட்டது. எனினும் ஆற்றுமுகத்தில் ஓதத்தின் (கடல்நீரின் ஏற்ற இறக்கத்தின்) ஒரு மணிநேரத்துக்குள்ளேயே நன்னீர்ப் பாசியிலிருந்து கடற்பாசிக்கு எல்லாம் மாறிவிடுவதால், சிறு குழுவால் அந்த மாற்றத்தை எண்ணித் தீர்க்க இயலாது. அலை உடையும் இடத்திலும் நிற்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம்: அல்கோவா குடாவின் சண்டேஸ் ஆற்றுக் கடற்கரையில் அனாலஸ் ஆஸ்ட்ராலிஸ் என்னும் டயட்டம் பகலில் நுரைக்குமிழ்களைப் பற்றிக்கொண்டு மேலேறிப் பழுப்புப் படலமாக மிதப்பதைச் சிலர் கப்பல் எண்ணெய் என்று எண்ணிவிடுவதுண்டு, அலைமண்டலம் தனக்கென்று ஒரு சமூகம் வைத்திருக்கிறது, அது வெளிக்கடலுக்குச் சான்றாகாது. இறுதியில் அலைத்தடுப்புச் சுவரின் வெளிமுனையைத் தேர்ந்தோம். வாளியைக் கயிற்றில் இறக்கினால் திறந்த கரைநீர் கிடைக்கிறது. மாமாக்கள் எப்படியும் அங்கேதான் நிற்கிறார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது எளிதாகத் தோன்றி ஏமாற்றிய கேள்வி. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய பெரிய ஓதம் ஏறக்குறைய 14.8 நாளுக்கு ஒருமுறை வருகிறது. 14 நாளுக்கு ஒருமுறை நீர் எடுத்தால் தொடர்ந்து பல முறை பெரிய ஓதத்திலேயே எடுத்துக்கொண்டிருப்போம், பிறகு மெல்ல நழுவி ஏறத்தாழ நான்கரை மாதத்தில் அட்டமியை ஒட்டிய சிறிய ஓதத்துக்கு வந்து நிற்போம். அதற்குள் பருவமே மாறிவிடும். பட்டியலில் தெரியும் மாற்றம் ஓதத்தினுடையதா பருவத்தினுடையதா என்று எவராலும் பிரிக்க முடியாது. வாரம் ஒருமுறை எடுத்தால் பெரிய ஓதமும் சிறிய ஓதமும் மாறி மாறி வரும். ஆகவே எண்ணும் உழைப்பு இரட்டித்தாலும் வாரமுறையே வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். வீட்டுச் சுவரில் தொங்கும் கோயில் நாட்காட்டியில் திதி பார்த்து மாணவர்கள் ஓதத்தைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். அதற்கு இப்படி ஒரு பயன் வரும் என்று அச்சிட்டவர் நினைத்திருக்க மாட்டார்.

இவ்வாறு, வாரந்தோறும் ஒரு லிட்டர், அயோடின், படியவிட்டுச் செறித்தல், கட்டத்தட்டு என்பதை முதன்மை வழியாகக் கொண்டோம். வலையை மாதம் ஒருமுறை, பெயர் கற்கவும் அருகிய பெரிய இனங்களைத் தவறவிடாதிருக்கவும் மட்டும் இழுக்கிறோம். மேகமற்ற நாளில் செயற்கைக்கோள் படத்தைச் சேமித்து, அன்றைய குப்பியோடு ஒப்பிட்டு எழுதுகிறோம். சிப்பி உண்ணலாமா கூடாதா என்ற கேள்விக்கு எங்கள் எண்ணிக்கை விடை ஆகாது என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். அது சிப்பித் தசையில் நஞ்சை அளக்கும் அரசு ஆய்வகங்களின் பொறுப்பு, கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் சாக்சிடாக்சின் என்பது அங்கே எல்லை.

ஒரே ஒரு நிலைமையில் இந்த முடிவை மாற்றிக்கொள்வோம். சூன், சூலை மாதங்களில் மத்திக் கூட்டம் இக்கரை நோக்கி வரும் வாரங்களில் கட்டத்தட்டில் எண்ணத் தகுந்த செல்கள் தொடர்ந்து நூற்றுக்குக் கீழே நின்று, வடிதாளில் மட்டும் பச்சையம் தங்கியிருந்தால், நாங்கள் எண்ணிக்கொண்டிருப்பது தவறான அளவிலுள்ள உயிர்களை என்று பொருள். அப்போது அயோடின் குப்பிகளை வாரம் ஒன்றிலிருந்து மாதம் ஒன்றாகக் குறைத்து, மிஞ்சும் பணத்தைப் பாய்வுச் செல்மானி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகளுக்குத் திருப்புவது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். முதல் எட்டு வாரத்துக் குப்பிகள் அலமாரியில் படிந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் மூன்றின் நிறம் மாதிரிக் குப்பியைவிட வெளிறிவிட்டதால், மீண்டும் சில துளி அயோடின் சேர்க்க வேண்டியிருக்கிறது.